லேண்ட் அண்ட் பில்டிங் வேல்யூவர் ஆக ஆன்லைன் வகுப்பு போதுமா, நேரில் போய்ப் படிக்க வேண்டுமா?

திருப்பூர் சிவில்:

எல்லோருக்கும் வணக்கம். பி.இ. சிவில் முடித்து ஆறு வருடம் தாண்டிவிட்டது, திருப்பூரில் ஒரு பில்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சைட் வேலை பிடித்துத்தான் செய்கிறேன், ஆனால் ஐம்பது வயதிலும் கான்கிரீட் போடுகிற அன்றைக்கு ராத்திரி பதினோரு மணி வரை நிற்க முடியாது என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. எங்கள் பில்டர் லோன் வாங்கும்போதெல்லாம் சொத்துக்கு மதிப்புப் போட ஒரு வேல்யூவர் வருவார், பேப்பரைப் பார்ப்பார், அளப்பார், பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டே நாலு பேரிடம் பேசுவார், போய்விடுவார். அந்த வேலை மேல் ஒரு கண்.

விசாரித்த வரையில் ஐபிபிஐ (வேல்யூவர்களைப் பதிவு செய்யும் மத்திய வாரியம்) பதிவு வேண்டும், அதற்கு முன் ஏதாவது ஒரு ஆர்விஓவில் (அந்த வாரியம் அங்கீகரித்த வேல்யூவர் அமைப்பு) உறுப்பினராகி 50 மணி நேர வகுப்பு முடிக்க வேண்டும், அப்புறம் தேர்வு. ஒரு ஆர்விஓ ஆன்லைனில் நேரலையாக நடத்துகிறார்கள். இன்னொன்று சென்னையில் நேரடி வகுப்பு. சென்னை என்றால் லீவு, ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், பில்டர் லீவு தருவாரா என்பது தனிக் கதை.

இதற்கு நடுவில் ஃபேஸ்புக்கில் ஒரு கோச்சிங் சென்டர் விளம்பரம் விடாமல் வருகிறது. பதிவு செய்த வீடியோ, வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம், முடித்தால் "சர்டிஃபைட் வேல்யூவர்" என்று சான்றிதழ். ஆர்விஓ வகுப்பைவிட அதற்குத்தான் அதிகம் கேட்கிறார்கள்! அது எதற்காவது உதவுமா? ஆன்லைனில் படித்தவன் என்றால் வங்கியில் மதிப்பு குறையுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நில அளவு:

சேலத்தில் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன் தம்பி. முதலில் அந்தக் கோச்சிங் விஷயத்தை முடித்துவிடுவோம். நிறுவனச் சட்டம் 2013இன் 247ஆம் பிரிவு, அதன் கீழ் வந்த 2017ஆம் வருட விதிகள், இவை இரண்டும்தான் பதிவு பெற்ற வேல்யூவர் யார் என்று சொல்கின்றன. அதன்படி உங்கள் 50 மணி நேர வகுப்பை நீங்கள் உறுப்பினராக இருக்கும் ஆர்விஓதான் நடத்த வேண்டும், அந்தச் சான்றிதழ் இல்லாமல் தேர்வுக்கே உட்கார முடியாது. வெளியே யார் என்ன பெயரில் சான்றிதழ் கொடுத்தாலும் அது சுவரில் மாட்டத்தான். தேர்வுக்குத் தயாராக ஒரு கைடு மாதிரி அந்த வீடியோவைப் பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் அந்த விலைக்கு இல்லை.

சரி, ஆன்லைனா நேரடியா. 2020க்கு முன்னால் இந்தக் கேள்வியே கிடையாது, எல்லோரும் போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். கொரோனா வந்தபோது ஆன்லைனில் நடத்த அனுமதி கொடுத்தார்கள். தேர்வைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே சிலபஸ், ஒரே கேள்வித்தாள். எங்கே படித்தாய் என்று பதிவுச் சான்றிதழில் போடுவதில்லை, வங்கியிலும் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் உங்கள் நிலைமைக்கு ஆன்லைன் போதும் என்பது என் கருத்து. அந்தச் சென்னைச் செலவை வேறு ஒன்றுக்கு வையுங்கள், அதைச் சொல்கிறேன்.

50 மணி நேரத்தில் எவரும் வேல்யூவர் ஆவதில்லை. வகுப்பில் ஒரு கணக்கு வரும்: 20 வருடக் கட்டடம், ஆயுள் 60 வருடம், கடைசியில் மிஞ்சுகிற மதிப்பு 10 சதவீதம், தேய்மானம் எவ்வளவு? 60இல் 20, அதை 90ஆல் பெருக்கினால் 30 சதவீதம். இதை உங்கள் வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள் போடுவதா 45 போடுவதா என்பது ஸ்லாபுக்கு அடியில் நின்று, கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அதில் உங்களுக்கு ஆறு வருட சைட் அனுபவம் பெரிய சொத்து. கட்டடப் பகுதியில் நீங்கள் பாதி வேல்யூவர் ஏற்கனவே.

நிலத்தில்தான் கையைச் சுட்டுக்கொள்வார்கள். பத்திரத்தில் 5 சென்ட், பட்டாவில் 4.75, டேப் வைத்து அளந்தால் 4.6. எதை எடுப்பது? குறைந்ததை எடுத்துக்கொண்டு, வித்தியாசத்தை ரிப்போர்ட்டில் எழுதிவிட வேண்டும். புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தேடத் தெரிய வேண்டும். சர்வே நம்பர் சரியாக இருக்கும், காட்டுகிற மனை வேறாக இருக்கும், வேண்டுமென்றே நல்ல மனையைக் காட்டுகிறவர்களும் உண்டு. நான்கு எல்லையையும் பத்திரத்தோடு ஒத்துப் பார்க்காமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் என்றைக்காவது ஒரு நாள் வங்கியிலிருந்து நோட்டீஸ் வரும்.

அப்புறம் விலை விசாரிப்பது. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பதிவுத்துறையின் டிஎன்ரெஜினெட் இணையதளத்தில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும், ஆனால் அது சந்தை விலை கிடையாது. 2017இல் அரசு அதை ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தது, 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கே கொண்டுபோய், பதிவுக் கட்டணத்தை 4இலிருந்து 2 சதவீதமாக ஆக்கினார்கள். அந்த இரண்டு நாளிலும் எந்த மனையின் சந்தை விலையாவது அப்படிக் குதித்ததா? இல்லை. பத்திரத்தில் எழுதின விலை ஒன்று, புரோக்கர் சொல்வது ஒன்று, உண்மையில் கை மாறியது ஒன்று. இந்த மூன்றுக்கும் நடுவில் எது நிஜம் என்று பிடிப்பதுதான் தொழில். அதற்கு ஒரு சீனியரின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் கேட்காமல் போங்கள், பெட்ரோல் மட்டும் நீங்கள் போடுங்கள். மிச்சம் பிடித்த சென்னைக் காசுக்கு இதுதான் செலவு.

---

வேணி ஆர்க்:

நில அளவு சார் சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன், பாதிக்கு இல்லை.

நான் ஆர்க்கிடெக்ட். வேண்டுமென்றேதான் நேரடி வகுப்புக்குப் போனேன். நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டடம் தெரியும், வரைபடம் தெரியும், தெரியாதது சட்டம். இந்தச் சிலபஸில் சட்டமும் பொருளாதாரமும் கணக்கியலும் எவ்வளவு என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். சொத்து மாற்றுச் சட்டம் 1882, அதே வருடத்து ஈஸ்மென்ட் (வழிப்பாதை போன்ற உரிமைகள்) சட்டம், முத்திரைச் சட்டம், பதிவுச் சட்டம், 2013இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம், ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், திவால் சட்டம், இதெல்லாம் வரிசையாக வரும். அடமானத்தில் ஆறு வகை என்று வகுப்பெடுத்த வக்கீல் சொன்னார். எனக்கு அதுவரை தெரிந்த ஒரே அடமானம் வங்கியில் பத்திரம் வைத்து எம்ஓடி (பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணம்) போடுவது. லீஸுக்கும் லைசென்ஸுக்கும் என்ன வித்தியாசம், அது மதிப்பை எப்படி மாற்றும் என்று எங்கள் வகுப்பில் அரை மணி நேரம் சண்டையே நடந்தது. ஒரு ரிட்டயர்ட் பொதுப்பணித்துறை இன்ஜினியர் தன் சொந்தக் கடை வாடகைக் கேஸையே எடுத்து வைத்தார். அந்தச் சண்டை ஜூமில் நடக்குமா? எல்லோரும் மியூட் போட்டு, கேமராவை மட்டும் ஆன் செய்துவிட்டு, பக்கத்தில் ஆட்டோகேட் திறந்து வைத்திருப்பார்கள். நானே மற்ற ஆன்லைன் பயிற்சிகளில் அப்படித்தான் இருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, யாரும் வெளிப்படையாகச் சொல்லாதது. "ஒரு சீனியரின் வண்டிக்குப் பின்னால் உட்காருங்கள்" என்று சார் சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்தச் சீனியர் எங்கே கிடைப்பார்? அப்பாவோ மாமாவோ இந்தத் தொழிலில் இருந்தால் சரி. இல்லாதவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, தெரியாத ஒருவரிடம் போய் "உங்களோடு சைட்டுக்கு வருகிறேன்" என்று கேட்பது அவ்வளவு லேசான காரியமா? எனக்கு அந்த வாய்ப்பு வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் மூலமாகத்தான் வந்தது. அவர் ஏற்கனவே வருமான வரித் துறைப் பதிவோடு தொழில் செய்துகொண்டிருந்தவர், ஐபிபிஐ பதிவுக்காக வந்திருந்தார். இன்றைக்கும் வணிகக் கட்டடம் வந்தால், வாடகையை வைத்து மதிப்புப் போடும்போது எந்த வீதத்தில் மூலதனமாக்குவது என்று அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பேன்.

அதனால் திருப்பூர் நண்பரே, உங்கள் ஊரிலேயே தெரிந்த வேல்யூவர் இருந்தால் ஆன்லைன். யாரையும் தெரியாது என்றால் சென்னைச் செலவை வகுப்புக்கான செலவு என்று நினைக்காதீர்கள், ஆட்களைத் தெரிந்துகொள்ளும் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுமையாகவே படிக்க வேண்டும் என்கிற ஆசை இருந்தால் இரண்டு வருட முழுநேர முதுகலை இருக்கிறது. குஜராத்தில் வல்லப் வித்யாநகர் அதற்குப் பெயர் போன இடம். ஆனால் குடும்பம், ஈஎம்ஐ எல்லாம் உள்ளவருக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

---

பழைய கிளை மேலாளர்:

ஓய்வு பெற்ற வங்கி அலுவலர். எத்தனையோ வேல்யூவர் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

பேனல் என்பது வங்கி வைத்திருக்கும் வேல்யூவர் பட்டியல்; ஆன்லைனா நேரடியா என்று அதன் விண்ணப்பத்தில் ஒரு கட்டமே கிடையாது. நாங்கள் பார்ப்பது படிப்பு, பதிவு, எத்தனை வருட அனுபவம், வேறு எந்தெந்த வங்கியில் பேனலில் இருக்கிறார், இதற்கு முன் எங்காவது நீக்கப்பட்டாரா. பதிவு என்றால் இங்கே இரண்டு வேறு விஷயம் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஐபிபிஐ பதிவு ஒன்று. செல்வ வரிச் சட்டம் 1957இன் 34ஏபி பிரிவுப் பதிவு, அதாவது வேணி மேடம் சொன்ன வருமான வரித் துறைப் பதிவு, இன்னொன்று. செல்வ வரியையே 2015இல் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அந்தப் பதிவுக்கு மவுசு போகவில்லை, பல வங்கிகள் அதையும் கேட்கின்றன. அதற்குப் பொதுவான வழியில் பத்து வருட அனுபவம் வேண்டும். வேணி மேடம் சொன்ன முதுகலை படித்தவர்களுக்கு அந்தக் காலம் வெகுவாகக் குறையும், அந்தப் படிப்பின் நிஜ லாபம் அதுதான்.

ரிசர்வ் வங்கி 2007இலேயே சொல்லிவிட்டது, வங்கிகள் வேல்யூவர்களைப் பேனலில் எடுப்பதற்கு ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும், 50 கோடி, அதற்கு மேல் உள்ள சொத்துக்குக் குறைந்தது இரண்டு தனித்தனி ரிப்போர்ட் வாங்க வேண்டும் என்று. இரண்டு ரிப்போர்ட்டும் மேஜைக்கு வரும்போது யார் நிலத்தில் நின்று எழுதினார், யார் காரில் இருந்தே எழுதினார் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். காரில் இருந்து எழுதியவர் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் ஏழு தசமம் வரை போட்டிருப்பார், மேலே உயர் அழுத்த மின்கம்பி போவதை எழுதியிருக்க மாட்டார்.

கடன் வாங்குபவர் "கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்" என்று கேட்பார், சில நேரம் எங்கள் ஆட்களே ஜாடையாகக் கேட்பார்கள். கடன் வாராக்கடனாகி சர்ஃபேசியில் (வங்கியே அடமானச் சொத்தை எடுத்து விற்க வழி செய்யும் சட்டம்) ஏலத்துக்குப் போகும்போது, உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு கோடி என்று இருந்த வீட்டை அறுபது லட்சத்துக்கும் யாரும் கேட்கவில்லை என்றால், விசாரணை நேராக உங்களிடம்தான் வரும். முடியாது என்று சொல்லும் தைரியத்துக்கு எந்த ஆர்விஓ வகுப்பு நடத்துகிறது என்று எனக்குத் தெரியாது.

---

டிப்ளமோ ராஜா:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். டிப்ளமோ சிவில், அனுபவம் பன்னிரண்டு வருடம். ஆன்லைன் கோர்ஸ் ஏதாவது முடித்தால் நானும் பதிவு வாங்க முடியுமா? ஒரு இன்ஸ்டிட்யூட்டில் "கண்டிப்பாக முடியும் சார்" என்றார்கள்.

---

நில அளவு:

ராஜா, அங்கே பணம் கட்டிவிடாதீர்கள். ஐபிபிஐயில் நிலம் கட்டடப் பிரிவுக்கு சிவில், ஆர்க்கிடெக்சர், டவுன் பிளானிங் இவற்றில் பட்டமும், அதற்குப் பின் ஐந்து வருட அனுபவமும் வேண்டும். முதுகலை என்றால் மூன்று வருடம் போதும். "அதற்குப் பின்" என்பதைக் கவனியுங்கள். நீங்கள் இனிமேல் பகுதிநேர பி.இ. முடித்தாலும் இந்தப் பன்னிரண்டு வருடம் கணக்கில் சேராது, பட்டம் வாங்கிய நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். கஷ்டம்தான், ஆனால் விதி அப்படி. வேல்யூவர் ஆபீஸ்களில் சைட் பார்த்து அளந்து வர நல்ல டிப்ளமோ ஆட்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது, அந்த வேலைக்கு உங்கள் அனுபவம் தாராளம். கையெழுத்து மட்டும் வேறொருவருடையது.

வேணி மேடத்துக்கும் ஒரு வார்த்தை. சீனியர் கிடைப்பது கஷ்டம் என்று சொன்னது நியாயம், அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை.

---

திருப்பூர் சிவில்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஊரில் தெரிந்த வேல்யூவர் என்றால் எங்கள் பில்டரிடம் வருகிற அந்த ஒருவர்தான், அவரிடம் பேசிப் பார்க்கிறேன். அவர் முடியாது என்றால் சென்னை.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, என் சைட் இன்ஜினியர் அனுபவம் கணக்கில் வருமா, வேல்யூவரிடம் வேலை பார்த்த அனுபவம்தான் வேண்டுமா? இரண்டு, தேர்வு எவ்வளவு கஷ்டம்? மூன்று, இங்கே எல்லாம் பனியன் கம்பெனிதான், நிட்டிங் மெஷின், டையிங் மெஷின் எல்லாம் சேர்த்து மதிப்புப் போடச் சொன்னால் போடலாமா?

---

நில அளவு:

முதல் கேள்வி: வரும். படித்த துறையில் அனுபவம் என்றுதான் விதி கேட்கிறது, வேல்யுவேஷனில் என்று கேட்கவில்லை. ஆனால் காகிதம் வேண்டும். பில்டர்கள் பலர் வாய்ச் சம்பளம்தான் தருகிறார்கள், அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கிடையாது, பிஎஃப் கிடையாது. வேலையை விடுவதாகச் சொல்வதற்கு முன்னாலேயே, எந்தத் தேதியிலிருந்து என்ன பொறுப்பில் இருந்தீர்கள் என்று லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனக்கசப்போடு வெளியே வந்த பிறகு அது கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆன்லைனா நேரடியா என்பதைவிட இது உங்களுக்கு அவசரம்.

இரண்டாவது: கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேரம், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தப்பான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால் பங்கு கழிப்பார்கள், அதனால் குருட்டாம்போக்கில் தட்டாதீர்கள். சிவில் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் சட்டத்திலும் பொருளாதாரத்திலும்தான், வேணி மேடம் சொன்னது அதில் நூற்றுக்கு நூறு சரி. இயர்ஸ் பர்ச்சேஸ் (வருட வருமானத்தை எத்தனை மடங்காக்கி மதிப்புப் போடுவது), சிங்கிங் ஃபண்ட் (பின்னால் தேவைப்படும் தொகைக்கு வருடா வருடம் ஒதுக்குவது) கணக்கெல்லாம் பார்க்கப் பயமாக இருக்கும், நாலு தடவை போட்டால் வந்துவிடும். தேர்ச்சி பெற்ற மூன்று வருடத்துக்குள் பதிவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும். விண்ணப்பம் உங்கள் ஆர்விஓ மூலமாகத்தான் போகும், தனிநபருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், வரி தனி.

மூன்றாவது: கூடாது. ஷெட்டும் நிலமும் உங்களுடையது, உள்ளே ஓடும் மெஷின் வேறு பிரிவு. பிளான்ட் அண்ட் மெஷினரி வேல்யூவர் வேறொருவர் வர வேண்டும். பங்குகள், நிதிச் சொத்துகள் மூன்றாவது பிரிவு. மெஷின் பிரிவில் இருக்கும் ஒரு மெக்கானிக்கல் ஆளோடு கூட்டு வைத்துக்கொள்ளுங்கள், திருப்பூரில் இரண்டு பேருக்கும் வேலை இருக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வங்கிப் பேனல் கிடைக்கும் வரை கையில் வேலை வேண்டுமே, அதற்கு ஆடிட்டர்களைப் பழக்கம் பிடியுங்கள். பூர்வீக வீடு, நிலம் விற்கிறவர்களுக்கு மூலதன ஆதாய வரிக்காக 1.4.2001 தேதியில் என்ன மதிப்பு என்று ரிப்போர்ட் தேவைப்படுகிறது. அதில் அன்றைய வழிகாட்டி மதிப்பு கிடைக்கிற இடத்தில் அதற்கு மேல் எடுக்க முடியாது என்று 2020 நிதிச் சட்டத்தில் கட்டிவிட்டார்கள், அதனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய மதிப்பைத் தேடி எடுப்பதே பாதி வேலை. இந்த வேலைக்கு ஐபிபிஐ பதிவைவிட 34ஏபிதான் பேசும், ஆகவே ஆரம்பத்தில் கையெழுத்துப் போடும் சீனியருக்காக நீங்கள் தயாரித்துக் கொடுப்பீர்கள். அப்படித்தான் பழகுவதும்.

---

வேணி ஆர்க்:

சென்னை வகுப்புக்கே வருவதாக இருந்தால் பணம் கட்டும் முன் பாடம் எடுப்பவர்கள் யார் யார் என்ற பட்டியலைக் கேளுங்கள். சட்டத்துக்கு வக்கீல், கணக்குக்கு ஆடிட்டர், சைட்டுக்கு நடப்பில் தொழில் செய்யும் வேல்யூவர் என்று தனித்தனி ஆட்கள் இருந்தால் வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆள் பிபிடி போட்டு வாசிக்கிறார் என்றால் வீட்டிலேயே இருந்து ஆன்லைனில் கேளுங்கள், ரயில் டிக்கெட்டாவது மிச்சம்.